கடைக்கண்ணும் கண்ணோட்டமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிக் கூக்காலில் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் பேசுவோர்க்கு வட்டத்தின் வளர்ச்சி, கவிதையின் எதிர்காலம் என்று அகன்ற தலைப்புகளைக் கொடுப்பதே வழக்கம். எனக்கு ஒரே ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் ஆங்கிலச் சொல். நம் வட்டத்து இளைஞர் ஒருவர் சேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறார். அதில் 'ஒயாட்' என்றொரு சொல் அவரை வழிமறித்து நிற்கிறது. காதற்குறிப்போடு ஓரக்கண்ணால் வீசும் பார்வை என்று அகராதி பொருள் சொல்கிறது. இதற்குத் தமிழில் ஒரு சொல் தாருங்கள் என்பது அவர் கேள்வி. ஒரு சொல்தானே, கால் மணியில் முடிந்துவிடும் என்றெண்ணி ஒப்புக்கொண்டேன். தேடப் போனபோது அது என்னை வேறெங்கோ இழுத்துச் சென்றது. போன வழியை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. 'ஒயாட்' என்றதும் நம் 'ஒய்யாரம்' நினைவுக்கு வந்து, அதுவே ஆங்கிலத்திற்குப் போன தமிழ்ச்சொல் என்று யாரேனும் எழுந்து சொல்லக்கூடும். பத்தாண்டுகளில் இந்த அவையில் அப்படிப் போன சொற்கள் ஏராளம். இது போகவில்லை. பிரெஞ்சு மொழியில் கண்ணுக்கு உரிய பெயரோடு ஒரு விகுதி சேர்ந்து பிறந்த சொல் இது. 'கண்வீச்சு' என்பது நேர்ப்பொருள். பிரெஞ்சுக்காரர் இன்றும் அதை இயல்பாக வழங்குகின்றனர். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்திற்குக் குடிவந்த அச்சொல் அங்கே வேரூன்றவில்லை. அதை அச்சுக்கோத்தவர்களுக்கே அது விளங்கவில்லை என்று தோன்றுகிறது. 1623ஆம் ஆண்டின் பெருந்தொகுப்பில் ஓரிடத்தில் 'இல்லியட்ஸ்' என்றும், இன்னோரிடத்தில் 'எலியட்ஸ்' என்றும் அச்சாகியுள்ளது. 1608இல் வந்த லியர் மன்னன் பதிப்பில் 'அலியட்ஸ்'. ஒரு பெண்ணின் கடைக்கண் பார்வை ஓமரின் காப்பியமாகிவிட்டது! அச்சுப்பிழைக்கு அஞ்சும் நம் மலர்க்குழுவினர் சற்று ஆறுதல் கொள்ளலாம்.

சேக்ஸ்பியர் இச்சொல்லை ஆண்ட இடங்கள் இரண்டே. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளக்கு எரிந்தது. ஒன்று, விண்ட்சர் நகரத்துக் குறும்புக்கார மனைவியரைப் பற்றிய நாடகம். பருத்த உடலும் வறண்ட பணப்பையும் கொண்ட பால்ஸ்டாப் என்னும் முதிய வீரன், ஊரின் இரு செல்வர்களுடைய மனைவியர் தன்மேல் மையல் கொண்டுவிட்டதாகத் தன் ஆட்களிடம் அளக்கிறான். ஒருத்தியின் பார்வை தன்னை அழைத்தது என்கிறான். மற்றொருத்தியின் கண்கள் தன் உடலை உறுப்புறுப்பாக எடைபோட்டன என்கிறான். அங்கேதான் இந்தச் சொல் வருகிறது. ஆனால் அந்தப் பெண்கள் அப்படிப் பார்க்கவே இல்லை. பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை இருவர்க்கும் அவன் அனுப்ப, இருவரும் கூடிப் பேசி அவனை அழுக்குத்துணிக் கூடைக்குள் திணித்து ஆற்றங்கரைச் சேற்றில் கொட்டச் செய்கின்றனர். நாடகம் முழுவதும் அவன் படித்த அந்தப் பார்வைக்கு அவன் செலுத்தும் அபராதமே.

இரண்டாவது இடம் லியர் மன்னன். தன் தமக்கை கானெரில், எட்மண்டை ஒருவிதமாகப் பார்த்தாள், அந்தக் கண்கள் பேசின என்று ரீகன் சொல்கிறாள். சொல்பவள் அதே எட்மண்டை விரும்புகிறவள். பொறாமையால் வெந்துகொண்டிருப்பவள். அவள் சொல்வது பொய்யன்று. ஆனால் அவள் கண்ணுக்கு அது அத்தனை பெரிதாகத் தெரிந்ததற்கு அவள் நெஞ்சே காரணம்.

ஆக, சேக்ஸ்பியரிடத்தில் இச்சொல்லைப் பார்த்தவர் எவரும் சொல்லவில்லை. பார்க்கப்பட்டதாக எண்ணியவனும் பக்கத்தில் நின்று வேவு பார்த்தவளுமே சொல்கின்றனர். இச்சொல் கண்ணில் பிறக்கவில்லை, அக்கண்ணைப் படிப்பவர் வாயில் பிறக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் உண்மையான இடர் இங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

இனி, இச்சொல்லின் ஆங்கில உறவினர் இருவரைப் பார்ப்போம். ஒன்று 'லியர்'. இது அந்த மன்னன் பெயரன்று, எழுத்தே வேறு. பால்ஸ்டாப் முதற்பெண்ணின் பார்வைக்குச் சொன்ன சொல்லும் இதுவே. பழைய ஆங்கிலத்தில் கன்னத்தைக் குறித்த ஒரு சொல்லினின்று இது வந்திருக்கக்கூடும் என்பர். கன்னத்தின் மேலாகப் பக்கவாட்டில் பார்ப்பது. அவ்வளவே. அதில் அழுக்கு ஏதுமில்லை. இன்றோ அச்சொல்லில் காமமும் வன்மமும் கலந்த ஓர் இளிப்பு மட்டுமே எஞ்சியுள்ளது. மற்றொன்று 'ஓகிள்'. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வடகடலோர மக்களின் டச்சு மொழியிலிருந்தோ தாழ்ஜெர்மன் மொழியிலிருந்தோ வந்தது. கண் என்னும் பெயரிலிருந்து ஒரு வினை, அவ்வினையை மீண்டும் மீண்டும் செய்வதைக் காட்டும் ஓர் ஒட்டு. கண்ணை ஓட்டிக்கொண்டே இருப்பது என்று நேராகப் பெயர்க்கலாம். இன்று அதன் பொருள், நாணமின்றி ஒரு பெண்ணின் உடல்மேல் கண்ணை மேயவிடுவது.

இப்போது நம் வீட்டிற்குள் வாருங்கள். கண்ணை ஓட்டுவதற்குத் தமிழில் என்ன பெயர்? கண்ணோட்டம்! திருவள்ளுவர் ஐம்பத்தெட்டாம் அதிகாரத்திற்கு இட்ட பெயர். அங்கே அதன் பொருள் இரக்கம், தாட்சணியம். கண்ணோட்டமில்லாத கண்ணால் யாது பயன் என்று கேட்கிறார் அவர். கண், ஓட்டம் என்னும் அதே இரு செங்கற்களை வைத்து வடகடல் ஓரத்தில் ஒரு வீடும், தென்னாட்டில் ஒரு வீடும் கட்டினர். அங்கே குடியேறியது காமம், இங்கே அருள். இதைக் கொண்டு தமிழர் உயர்ந்தோர் என்று மார்தட்ட வேண்டா. தற்காலத் தமிழில் கண்ணோட்டத்திற்கு என்ன நேர்ந்தது என்று அடுத்து நினைத்துப் பாருங்கள். 'சமூகக் கண்ணோட்டம்', 'பொருளியல் கண்ணோட்டம்' என்கிறோம். அருள் வெளியேறிவிட்டது, கோணம் மட்டும் மிஞ்சியுள்ளது.

கடைக்கண்ணின் வரலாறு இன்னும் சுவையானது. ஓரப்பார்வையைக் குறிக்கும் இச்சொல், காதலியிடமும் இருக்கிறது, கடவுளிடமும் இருக்கிறது. கடாட்சம் என்னும் வடசொல்லுக்கும் நேர்ப்பொருள் ஓரப்பார்வைதான். ஆயினும் அது தமிழ் நாவில் தெய்வத்திற்கும் புரவலர்க்கும் மட்டுமே உரியதாகிவிட்டது. அபிராமி பட்டர் செல்வம், கல்வி, தளராத மனம் என்று நன்மைகளை அடுக்கி, அனைத்தையும் தருபவை அம்மையின் கடைக்கண்களே என்று முடித்தார். பழனிப் படி ஏறுகிறவர் முருகன் கடைக்கண் வைத்தால் போதும் என்கிறார். பழைய விண்ணப்பக் கடிதங்களில் மேலதிகாரிக்கும் கடாட்சம் உண்டு. முழுக்கண்ணால் பார்க்கும்படி ஏன் யாரும் வேண்டவில்லை? பெரியோர் நேராகப் பார்த்தால் தாங்காது, ஓரத்தால் பட்டாலே போதும் என்னும் பணிவு அது. காதலியின் கடைக்கண்ணிலும் அந்தப் பணிவு உண்டு. கொடுப்பவள் அவள், கேட்பவன் அவன். அவள் தரலாம், தராமலும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஓரப்பார்வையைக் குறித்த சொற்கள் கீழே இறங்கியதற்கும், தமிழில் அது மேலே ஏறியதற்கும் வேறுபாடு இங்கேதான் என்று நான் எண்ணுகிறேன். அங்கே அச்சொற்கள் எடுத்துக்கொள்பவன் பார்வைக்குப் பெயராயின. இங்கே கொடுப்பவர் பார்வைக்குப் பெயராயிற்று.

நாட்டியம் பயின்ற சகோதரியர் இங்கே உள்ளனர். அபிநய தர்ப்பணம் வகுத்த எட்டுப் பார்வைகளில் 'சாசி' என்பது இந்த ஓரப்பார்வைதான் என்பதை அவர்கள் அறிவர். பரத முனிவரோ முப்பத்தாறு பார்வைகளை எண்ணினார். அதற்குள் நுழைந்தால் மதிய உணவு தவறிவிடும்.

நம் அகப்பொருள் மரபு இந்தப் பார்வைக்கு என்ன இடம் கொடுத்தது? நாம் அமர்ந்திருப்பது குறிஞ்சி நிலம். நெடுங்குறிஞ்சி என்று சொல்லுமளவுக்கு உயரத்தில், பூம்பாறைக்கும் அப்பால், ஏரியை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் ஊர். இம்மலைகளில் பன்னீராண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. தினைப்புனம் இருந்த சரிவுகளில் இன்று உருளைக்கிழங்கும் காரட்டும் மலைப்பூண்டும் அடுக்கடுக்காக விளைகின்றன. பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கிளி ஓட்டும் தலைவியைப் பூண்டு வயலில் நிறுத்திப் பாட நம்மில் ஒருவரும் முன்வரவில்லை என்பது வேறு செய்தி. அந்தத் தினைப்புனத்தில் தலைவனும் தலைவியும் முதன்முதல் காண்கின்றனர். காட்சிக்குப் பின் ஐயம், ஐயத்திற்குப் பின் தெளிவு, தெளிவிற்குப் பின் குறிப்பறிதல் என்று இலக்கணம் படி வைத்திருக்கிறது. இருவர் கண்களும் ஒன்றன் கருத்தை ஒன்று அறிந்து உடன்படுத்தும் என்கிறார் தொல்காப்பியர். ஒருவர் கண் போதாது.

வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் தலைப்பை இருமுறை வைத்தார். பொருட்பாலில் எழுபத்தோராம் அதிகாரம் அமைச்சனுக்கு, காமத்துப்பாலில் நூற்றுப்பத்தாம் அதிகாரம் காதலனுக்கு. காதலனுக்கு உரிய அதிகாரத்தில் அவன் எத்தனை பொறுமையாகச் சான்று திரட்டுகிறான் பாருங்கள். அவள் பார்வையில் நோய் தருவதும் மருந்தாவதும் இரண்டும் உண்டு என்கிறான். தான் பார்க்கும்போது நிலத்தைப் பார்க்கிறாள், பாராதபோது தன்னைப் பார்த்து மெல்ல நகுகிறாள் என்று குறித்துக்கொள்கிறான். அயலார்போல் பொதுவாகப் பார்ப்பதும் காதலர்க்கு இயல்பே என்கிறான். இறுதியில்தான், கண்ணோடு கண் ஒத்துவிட்டால் வாய்ச்சொல்லுக்கு வேலையில்லை என்று முடிகிறது. இந்த முடிவை மட்டும் மனப்பாடம் செய்து, அதற்கு முன்னுள்ள ஒன்பது குறளையும் விட்டுவிட்டவர் நம் நாட்டில் பலர். ஒத்தல் என்னும் நிபந்தனை அதற்குள் இருக்கிறது. கம்பரும் மிதிலையில் இராமனை மட்டும் பார்க்கவிடவில்லை. அவளையும் பார்க்க வைத்தார். வான்மீகத்தில் திருமணத்திற்கு முன் இப்படியொரு காட்சி இல்லை. தமிழ் மரபு கேட்டுப் பெற்ற காட்சி அது.

சரி, ஒவ்வாவிட்டால்? அதற்கும் இலக்கணத்தில் இடமுண்டு. கைக்கிளை. அகத்திணைகள் ஏழில் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருதலைக் காமம். எதிர்ச்சொல் கிடைக்காமலே தானே பேசித் தானே இன்புறுதல் என்று தொல்காப்பியர் அதனை விளக்குகிறார். ஈராயிரம் ஆண்டுகட்குப் பின்னும் இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டியதில்லை. பால்ஸ்டாப் செய்தது இதுவே. கைக்கிளையை அன்பின் ஐந்திணை என்று மயங்கினான், சேற்றில் விழுந்தான்.

ஒருதலைப் பார்வை ஆணுக்கே உரியதென்று நினைக்க வேண்டா. முத்தொள்ளாயிரத்தில் மன்னன் உலா வரும்போது மகள் பார்க்கத் துடிக்கிறாள், தாய் கதவை அடைக்கிறாள். ஒட்டக்கூத்தர் காலத்து உலாக்களில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்து மகளிரும் தெருவில் நின்று அவனையே பார்க்கின்றனர். அவையெல்லாம் ஆண் புலவர், அரசன் மகிழ எழுதியவை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் எல்லாரும் தன்னைப் பார்க்கின்றனர் என்று கேட்பதில் அரசனுக்கு உள்ள மகிழ்ச்சி, பால்ஸ்டாப்பின் மகிழ்ச்சிக்கு வெகுதொலைவில் இல்லை. அதன் பக்கத்தில் குறுந்தொகையின் முப்பத்தொன்றாம் பாட்டை வையுங்கள். ஆதிமந்தியார் பாடியது. மள்ளர் கூடிய விழாவிலும் மகளிர் துணங்கையிலும் தன் ஆடுகளமகனைத் தேடிக் கண்ணை ஓட்டுகிறாள் ஒருத்தி. எங்கும் காணவில்லை. அந்தப் பார்வையில் யாருக்கும் காட்டும் ஒய்யாரம் இல்லை. பெண் தானே எழுதும்போது பார்வையின் குணமே வேறாக இருக்கிறது.

இங்கே நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்குகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். எத்தனை வேல்விழிகள்! எத்தனை அம்புப் பார்வைகள்! அவள் கண் தாக்கியது, நான் வீழ்ந்தேன், என்னைக் கொன்றாள், குற்றவாளி அவளே என்று பாடிப் பாடிச் சலிக்கவில்லை நமக்கு. இது பழைய உருவகம், வள்ளுவரின் தகையணங்குறுத்தலிலேயே அவள் பார்வை படையோடு வருகிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே பாடுபவன் அவளால் எதிர்நோக்கப்பட்டவன். நம் பாடல்களில் பெரும்பாலும் அவள் பேருந்து நிறுத்தத்தில் தன் பேருந்துக்காக நிற்கிறாள். பார்த்துக்கொண்டிருப்பவன் இவன். பார்த்தவன் இவனாக இருக்க, தாக்கியவள் அவளாகிறாள். இதே வாதத்தை யாப்பில்லாமல் தெருவில் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. 'அவள்தான் பார்த்தாள்' என்பது காவல் நிலையத்தில் அன்றாடம் கேட்கும் உரைநடை. நம் வெண்பாவும் அதையே சொல்கிறதோ என்று எண்ணும்போது எனக்குக் கூசுகிறது.

இனி, நாம் செய்துகொண்ட சொல் ஒன்று உண்டு. அவையில் சொல்லலாகாது என்று கருதுவோர் மன்னிக்க. 'சைட் அடித்தல்'. ஆங்கிலத்தில் சைட் என்றால் காட்சி, பார்வை. ஆங்கிலேயன் யாரும் அதை இந்தப் பொருளில் வழங்கியதில்லை. இது தமிழன் ஆக்கம். காப்பி அடித்தல், அரட்டை அடித்தல், போர் அடித்தல் என்று எதையும் வினையாக்கித் தரும் 'அடி'யை அதனோடு சேர்த்தோம். கண்ணடித்தல் முன்பே இருந்தது. ஆனால் கண்ணடிப்பவன் ஒரு குறிப்பையாவது அனுப்புகிறான், எதிர்க்குறிப்பு வருமா என்று காத்திருக்கிறான். சைட் அடிப்பவனுக்கு எதிர்க்குறிப்பு வேண்டியதே இல்லை. பார்க்கப்படுகிறவள் அறியாமலிருந்தாலும் அவன் பணி நிறைவேறிவிடுகிறது. ஏற்பாரும் மறுப்பாரும் இல்லாத வினை. கைக்கிளைக்கு இருபதாம் நூற்றாண்டுத் தமிழன் இட்ட பெயர் இது என்றால் தொல்காப்பியர் ஒப்புக்கொள்வார்.

இதே சைட், இம்மலைக்கு வேறு வழியாகவும் ஏறி வந்திருக்கிறது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் கொடைக்கானலில் இரு பங்களாக்களைக் கட்டியதிலிருந்து, வெயிலுக்கு ஒதுங்குவோர் வந்தனர், பின்னர்ப் பார்க்கவென்றே வருவோர் வந்தனர். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் காரோட்டிகள் 'சைட் சீயிங்' என்றே அழைக்கின்றனர். தூண்பாறை ஒரு சைட், கோக்கர்ஸ் வாக் ஒரு சைட். நிறுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பாறை திரும்பிப் பார்க்காது. ஒரு பெண்ணை அப்படிப் பார்ப்பதற்கும் அதே சொல் பொருந்திவிட்டது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பொருத்தம் அச்சமூட்டுகிறது. திரும்பிப் பார்க்கும் உரிமையற்ற பொருளாக ஆக்கப்பட்டதே 'சைட்'.

சட்டமும் இங்கே தடுமாறியிருக்கிறது. சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய தொல்லையால் உயிரிழந்த பின்னர், 1998இல் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. ஈவ் டீசிங் என்பதும் நம் நாட்டில் பிறந்த ஆங்கிலமே. ஏவாளைச் சீண்டுதல்! குற்றத்தின் பெயரிலேயே ஒரு விளையாட்டும், ஆதியில் தவறியவள் அவள்தானே என்னும் குத்தலும். 2002இல் பெண்களுக்குக் கொடுமை இழைத்தலைத் தடை செய்யும் சட்டம் என்னும் பொருளில் பெயரை மாற்றினர். பெயர் மாற்றியதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர் உண்டு. சொல்லை மாற்றினால் செயல் மாறாது, மெய்தான். ஆனால் குற்றத்தைச் சீண்டல் என்றழைக்கும்வரை புகார் கொடுக்க வந்தவளே சிரிப்புக்கு இடமாவாள். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 509ஆம் பிரிவில் சொல், ஒலி, சைகை ஆகியவற்றால் பெண்ணின் நாணத்தை இழிவு செய்வதைக் குற்றமாக்கியது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 79ஆம் பிரிவு. ஒளிந்து பார்த்தல் 2013இல் தனிக்குற்றமாயிற்று. வெறும் பார்வைக்கோ இன்னும் அளவுகோல் கிடைக்கவில்லை. பார்வையை எடை போடச் சட்டத்திற்குக் கண்ணில்லை. கவிஞனுக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம்.

கவிஞன் எப்படிப் பார்த்தான் என்பதற்கு வெளியூர்ச் சான்று தேடவேண்டா. இம்மலைத் தொடரின் பழைய தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன். பொதினி என்று சங்கப் பாடல் சொல்லும் பழனி அவன் குடியின் ஊர். மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் போயிருந்தான் என்பதைப் பள்ளியில் சொல்வதில்லை. புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் இதைப் பற்றியவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்க்கிழார் என்று நால்வர் பாடினர். மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு மனைவியின் துயர் தெரியவில்லை என்பதை நால்வரும் வெவ்வேறு விதமாக இடித்துரைத்தனர்.

அவற்றுள் பரணர் பாடிய 144ஆம் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாணர் யாழிசைத்து அவன் கானத்தைப் பாடி நிற்கின்றனர். முன்னே ஒரு பெண் நின்று அழுகிறாள். முன்பின் அறியாத இளம்பெண். அழகும் சொல்லப்படுகிறது, புலவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கண்ணீருக்குப் பொருளைத் தாமே எழுதிக்கொள்ளவும் இல்லை. கேட்கிறார்: எம் நட்பை விரும்புகிற அவனுக்கு நீர் உறவினரோ? அவள் விரலால் கண்ணீரைத் துடைத்துவிட்டு, நாங்கள் அவன் உறவினர் அல்லோம் என்கிறாள். தன்னைப் போன்ற ஒருத்தியின் நலம் விரும்பி அவன் நாள்தோறும் ஒரு நல்லூருக்குத் தேரில் போகிறான் என்று ஊரார் சொல்கிறார்கள் என்கிறாள். ஊரார் சொல்வதாகச் சொல்கிறாளே தவிர, தான் கண்டதாகச் சொல்லவில்லை. உறவில்லை என்று அவள் சொன்ன அந்த மறுப்பிலிருந்தே அவள் யாரென்று பரணர் அறிந்துகொண்டார். பார்த்தார், கேட்டார், சொன்னதைக் கேட்டார், அதன் பின்னரே அறிந்தார். குறிப்பறிதல் இதுதான். அடுத்த பாட்டில் பேகனிடம் போய், எங்களுக்குப் பசியில்லை, சுமக்கச் சுற்றமும் இல்லை, இன்றிரவே தேரேறி அவள் துயரைக் களைவாயாக, நாங்கள் இரப்பது அதுவே என்கிறார். பரிசிலுக்குப் போன புலவன் பரிசிலை வேண்டாவென்று, ஒரு பெண்ணின் கண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டு போனான். வள்ளுவர் சொன்ன கண்ணோட்டத்திற்கு உரை எழுத வேண்டுமானால் நான் இப்பாட்டைத்தான் வைப்பேன்.

தொல்காப்பியர் செய்யுளுக்குரிய முப்பத்துநான்கு உறுப்புகளுள் 'நோக்கு' என்றும் ஒன்றை வைத்தார். கேட்பவனை நின்று நோக்கச் செய்வது அது. கவிதையும் ஒரு பார்வைதான் போலும்.

தமிழாக்கம் செய்யும் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். 'ஓகிள்' வரும் இடத்தில் வெறித்துப் பார்த்தல், கண்ணை மேயவிடுதல் என்று மக்கள் சொல்வதையே எழுதலாம். கண்ணோட்டத்தை அங்கே கொண்டுபோய் அழுக்காக்க வேண்டா. பால்ஸ்டாப் 'லியர்' என்று சொன்ன முதற்பெண்ணின் பார்வைக்கு 'அழைக்கும் பார்வை' போதும். அவன் வாயில் சொல் எளிதாகவே இருக்கட்டும். 'ஒயாட்'டுக்குப் பிரெஞ்சில் உள்ள பொருளுக்கு 'குறிப்புநோக்கு' பொருந்தும். ரீகன் வாயிலும் அது இருக்கலாம், அவள் கண்டது குறிப்பைத்தான். பால்ஸ்டாப் வாயில் மட்டும் அதை வைக்காதீர்கள் தம்பி. அவன் படித்த இடத்தில் குறிப்பே இல்லை. அவன் வாயில் 'கடைக்கண்' என்று எழுதுங்கள். தனக்குக் கிடைக்காத அருளைக் கிடைத்ததாக அவன் பீற்றிக்கொள்வது அப்போது நம் கூட்டத்திற்கு உடனே விளங்கும். கூடையைத் தூக்க ஆள் வரும்வரை சிரித்துக்கொண்டிருப்பார்கள்.